விசாரிப்பும் விசாரணையும்: இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் வளர்ந்த பிள்ளைகள்

யாக்கோபு நிருபத்தின் முதலாம் அதிகாரம் திக்கற்ற பிள்ளைகளைக் குறித்துப் பேசுமிடத்தில் நம் மொழிபெயர்ப்பாளர் கையாண்ட வினைச்சொல் 'விசாரித்தல்' என்பதாகும். மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வியாதியுற்றவனைச் சென்று கண்டவர்களைக் குறித்தும் இச்சொல்லே வருகின்றது. கிரேக்க மூலத்தில் இவ்விரண்டு இடங்களிலும் நிற்கும் வினையும், 'கண்காணி' எனத் தமிழில் பெயர்க்கப்பட்ட 'எப்பிஸ்கொப்பொஸ்' என்னும் பெயரும் ஒரே வேரினின்று பிறந்தவை. பார்த்தல் என்பதே அவ்வேரின் பொருள். ஆகவே திருச்சபையில் கண்காணிப்பு என்பது முதலாவது ஒரு பதவியன்று. நேரே சென்று காண்கின்ற செயலாகும். தமிழிலோ இச்சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. நலம் கேட்பது விசாரிப்பு. குற்றம் நேர்ந்தபின் நீதிமன்றம் ஆராய்வது விசாரணை. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளை உள்ளாட்சி மன்றங்கள் வளர்த்த வரலாற்றை இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் ஆவணங்களில் படிக்கும்போது, இவ்விரு பொருளும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் காண்கிறோம். முன்னது தவறிய இடங்களிலெல்லாம் பின்னது நடந்திருக்கின்றது.

இவ்வரலாறு திருச்சபைக்குப் புறம்பானதன்று. அது ஆலயத்துக்குள்ளேயே தொடங்கிற்று. எலிசபெத் அரசியின் காலத்தில், 1601ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஏழையர் சட்டம், ஒவ்வொரு பாரிஷும் (நம் சேகரம் போன்றதொரு வட்டம்) தன் ஏழைகளைத் தானே தாங்கவேண்டும் என விதித்தது. ஆலயத்தின் சர்ச் வார்டன்கள் தம் பதவியினாலேயே ஏழையர் கண்காணிப்பாளராயினர். அவர்களோடு வசதியுள்ள குடித்தனக்காரர் இருவர் முதல் நால்வர் வரை ஆண்டுதோறும் உயிர்த்தெழுந்த திருநாளையொட்டி நியமிக்கப்பட்டனர். இவர்கள் மாதம் ஒருமுறையேனும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆராதனை முடிந்தபின் ஆலயத்திலேயே கூடவேண்டும். தக்க காரணமின்றி வராதவருக்கு 20 ஷில்லிங் அபராதம். பெற்றோரால் காப்பாற்ற இயலாத பிள்ளைகளை வேலையில் அமர்த்துவதும், ஆண்பிள்ளையை 24 வயதுவரையிலும் பெண்பிள்ளையை 21 வயது அல்லது திருமணம்வரையிலும் தொழில் பழகுமாறு ஓர் எசமானனிடம் ஒப்புவிப்பதும் இவர்கள் பொறுப்பு.

இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஓர் அரசு, அநாதைப் பிள்ளை யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு இன்னாருடையது என்று திட்டமாக விடை கூறியது பெருங்காரியம். ஆயினும் ஆண்டு முடிவில் இக்கண்காணிப்பாளரிடம் கேட்கப்பட்ட கணக்கு பணத்தைப் பற்றியது, பிள்ளையைப் பற்றியதன்று. வரி செலுத்துவோரும் கண்காணிப்பாளரும் ஒரே ஊரார். ஒரு பையனை அடுத்த பாரிஷிலுள்ள எசமானனிடம் ஒப்புவித்துவிட்டால், பிற்காலச் சட்டத்தின்படி அவன் அந்தப் பாரிஷுக்கு உரியவனாகிவிடுவான். செலவும் அத்தோடு நீங்கும். இவ்வழியைப் பல பாரிஷுகள் தயங்காமல் கையாண்டன. அருகிலிருந்தால் அன்பு தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் இதனைக் கருதுவது நன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் லண்டனில் ஜோனஸ் ஹேன்வே என்னும் வணிகர் இருந்தார். அந்நகரத் தெருக்களில் குடை பிடித்து நடந்த முதல் ஆடவர் என்று கதையாகச் சொல்லப்படுபவர் இவரே. ஆனால் இவர் நினைக்கப்பட வேண்டியது குடைக்காக அன்று. பாரிஷ் வேலையில்லங்களுக்கு நேரே சென்று, எத்தனை குழந்தைகள் சேர்க்கப்பட்டன, அவற்றுள் எத்தனை இறந்தன என்று கேட்டறிந்து, அதனை அச்சிட்டு வெளியிட்டார். இவருடைய முயற்சியால், லண்டன் பாரிஷுகள் தம் பொறுப்பிலுள்ள குழந்தைகளுக்குப் பதிவேடு வைக்கவேண்டும் என்று 1762இல் ஒரு சட்டமும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை நகருக்கு வெளியே நாட்டுப்புறச் செவிலியரிடம் வளர்க்க அனுப்பவேண்டும் என்று 1767இல் இன்னொரு சட்டமும் வந்தன. இறந்த குழந்தைக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் ஏட்டில் எழுதப்பட்டாலொழிய அதன் மரணத்திற்காக யாரும் கேள்வி கேட்கப்படார் என்பதை அவர் அறிந்திருந்தார். ஏட்டின் பயனை நாம் பின்னர் ஐயுறப் போகின்றோமாதலால், இதனை இங்கு நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

1834ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பாரிஷுகளை ஒன்றியங்களாக இணைத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட காப்பாளர் குழுக்களின்கீழ் வைத்தது. வேலையில்லத்தின் கதை நம் வாசகர் பலரும் அறிந்ததே, அதனை விரிக்கவில்லை. அக்குழுக்கள் 1870 முதல் பிள்ளைகள் சிலரைக் கிராமத்துக் குடும்பங்களில் வளர்க்குமாறு அனுப்பத் தொடங்கியபோதுதான் மேற்பார்வை என்னும் சிக்கல் முழுமையாகத் தலைதூக்கியது. வேலையில்லத்தில் ஒரே கூரையின்கீழ் நூறு பிள்ளைகளைப் பார்த்துவிடலாம். சிதறிக் கிடக்கும் குடிசைகளில் யார் போய்ப் பார்ப்பது? ஊர்ப் பெரியவர்களும் குருவானவர்களும் அவர்தம் துணைவியரும் அடங்கிய தன்னார்வக் குழுக்கள் இப்பணியை மேற்கொண்டன. இவர்கள் பணியை ஆராய 1885இல் உள்ளாட்சி வாரியம் மேரியான் மேசன் என்னும் பெண்மணியை ஆய்வாளராக நியமித்தது. 1910இல் ஓய்வு பெறும்வரை அவர் நாடெங்கும் பயணம் செய்தார்.

மேசன் அம்மையாரின் முறை எளியது. பிள்ளையின் கழுவிய முகத்தையும் மேலாடையையும் கண்டு அவர் நிறைவடையவில்லை. காலுறையைக் கழற்றச் செய்து பாதங்களைப் பார்த்தார்; தேவைப்பட்டால் ஆடையை நீக்கி உடம்பைப் பார்த்தார். அழுக்கும் அடியின் தழும்பும் ஆடைக்குள்ளேதான் இருந்தன. ஞாயிறு ஆராதனையில் நல்லுடையில் வரிசையாக அமர்ந்திருந்த பிள்ளையைக் கண்டு திருப்தியடைந்த நல்லெண்ணமுள்ள மேற்பார்வையாளருக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்தது. இன்றைய நோக்கில் இம்முறை பிள்ளையின் கண்ணியத்துக்கு ஊறு செய்வதாகத் தோன்றலாம். அவ்வாறு தோன்றுவது சரியே. எனினும் 'பார்த்தல்' என்பதற்கு அவர் கண்ட பொருளை மேற்பார்வை செய்வோர் மறந்தபோதெல்லாம் பிள்ளைகள் மாண்டனர் என்பதும் உண்மையே.

1930 ஏப்ரல் முதல் நாளில் காப்பாளர் குழுக்கள் ஒழிந்தன; அவற்றின் பணி கவுண்டி மன்றங்களுக்கும் பெருநகர மன்றங்களுக்கும் சென்றது. 1933ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரிடமிருந்து நீக்கப்படும் பிள்ளைக்குத் தகுந்த பொறுப்பாளராக உள்ளாட்சி மன்றத்தையே நீதிமன்றம் நியமிக்கலாம் என்றது. இதனால் ஒரே மன்றத்துக்குள், ஏழைப்பிள்ளை பொதுவுதவிக் குழுவின்கீழும், நீதிமன்றம் ஒப்புவித்த பிள்ளை கல்விக் குழுவின்கீழும், கைக்குழந்தை சுகாதாரக் குழுவின்கீழும் இருக்கலாயின. மேலே மத்திய அரசிலும் பல துறைகள் இவர்களைப் பங்கிட்டுக்கொண்டன. பலருக்கும் உரிய பிள்ளை ஒருவருக்கும் உரியதாகவில்லை.

டென்னிஸ் ஓநீல் என்னும் சிறுவனின் மரணம் இதனை நாட்டுக்குக் காட்டியது. வேல்சின் நியூபோர்ட் நகரில் பிறந்த இவனும் இவன் தம்பியரும் வீட்டில் கவனிப்பாரின்றியிருந்ததால் அந்நகர மன்றத்தின் பொறுப்பில் ஒப்புவிக்கப்பட்டனர். 1944ஆம் ஆண்டுக் கோடையில் டென்னிசும் அவன் தம்பி டெரன்சும் ஷ்ராப்ஷயர் கவுண்டியில், மலைச்சாரலில் தனித்துக் கிடந்த ஒரு பண்ணைவீட்டில் வளர்ப்புப் பிள்ளைகளாக வைக்கப்பட்டனர். போர்க்காலம்; அலுவலர் குறைவு. அப்பண்ணையார் எத்தகையவர் என்று சரியாக ஆராயப்படவில்லை. பிள்ளைகள் நியூபோர்ட்டுக்கு உரியவர்கள், பண்ணையோ ஷ்ராப்ஷயரில். மேற்பார்வை யாருடையது என்பதில் இரு மன்றங்களுக்குமிடையே தெளிவில்லை. 1944 டிசம்பர் 20ஆம் நாள் நியூபோர்ட்டிலிருந்து ஓர் அலுவலர் பண்ணைக்கு வந்தார். பையனின் தோற்றம் அவருக்குக் கவலையளித்தது, மன்றத்திற்கு அறிவித்தார். அதன்பின் இருபது நாள்கள் கழிந்தன. 1945 சனவரி 9ஆம் நாள் டென்னிஸ் இறந்தான். வயது 12. பட்டினியால் மெலிந்த உடலில் தடியடி பட்டதால் இதயம் நின்றது என மருத்துவர் கண்டனர். பண்ணையாருக்கு ஆறாண்டும் அவர் மனைவிக்கு ஆறு மாதமும் சிறைத்தண்டனை கிடைத்தது. நீதிமன்றத்தில் சாட்சி கூறியவர்களுள் சிறுவன் டெரன்சும் ஒருவன். அகதா கிறிஸ்டி எழுதி லண்டனில் 1952 முதல் நடிக்கப்பட்டு வரும் புகழ்பெற்ற மர்ம நாடகத்தின் கரு இவ்வழக்கினின்று எடுக்கப்பட்டதாகும். நாடகத்தைக் கண்டவர் கோடிக்கணக்கானோர். சிறுவனின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

இதனை விசாரிக்க அரசு அமர்த்தியவர் வழக்கறிஞர் வால்டர் மாங்டன். ஐதராபாத் நிசாமின் சட்ட ஆலோசகராயிருந்ததால் இந்திய வரலாற்றிலும் இடம்பெற்றவர். 1945 மே மாதத்தில் வெளிவந்த அவரது அறிக்கை சிறியது. அதன் சாரத்தை இவ்வாறு கூறலாம்: பிள்ளையைத் தன் பொறுப்பில் ஏற்கும் மன்றம் அப்பிள்ளையோடு ஆள்முறையான உறவில் நிற்கின்றது; அக்கடமையை வேறொருவர்மீது தள்ளவோ அரைகுறையாகச் செய்யவோ இடமில்லை. ஒரு சட்ட வல்லுநர் எழுதிய இக்கூற்று இறையியல் மாணவர் செவிக்கு அந்நியமாயிராது.

இவ்வழக்குக்கு முன்பே, 1944 சூலையில், லேடி ஆலன் என்னும் பெண்மணி 'டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதிய ஒரு கடிதம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளின் நிலையைக் குறித்து மக்களின் மனச்சாட்சியை எழுப்பியிருந்தது. 1945 மார்ச்சில், கேம்பிரிட்ஜ் நியூனம் கல்லூரியின் முதல்வர் மைரா கர்ட்டிஸ் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழுவினர் நாடெங்குமுள்ள இல்லங்களுக்கு நேரே சென்றனர். கொடுமையை அவர்கள் பெரும்பாலும் காணவில்லை என்பது கவனத்துக்குரியது. கண்டது வேறொன்று: பிள்ளைகள் சுத்தமாயிருந்தனர், உண்டனர், உடுத்தனர், ஆனால் அறிமுகமற்ற ஒரு பார்வையாளர் அறைக்குள் நுழைந்ததும் சிறு பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு, தொட்டுப் பார்த்து, தூக்கச் சொல்லிக் கெஞ்சினர். இது பாசமன்று, பாசத்தின் பஞ்சம் என்று குழு கண்டுகொண்டது. நம் விடுதிகளுக்குக் கிறிஸ்மஸ் காலத்தில் செல்லும் ஆலயக் குழுவினர் இதே காட்சியைக் கண்டு, 'பிள்ளைகள் எவ்வளவு அன்பாயிருக்கிறார்கள்' என்று பார்வையாளர் ஏட்டில் எழுதிவிட்டு வருவதுண்டு.

1946 செப்டம்பரில் வந்த கர்ட்டிஸ் அறிக்கையின் பரிந்துரை 1948ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமாயிற்று. அது அவ்வாண்டு சூலை 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மன்றத்திலும் இப்பிள்ளைகளுக்கென்றே ஒரு குழந்தைகள் குழு இருக்கவேண்டும். அக்குழுவின்கீழ் ஒரு குழந்தைகள் அலுவலர் இருக்கவேண்டும். உள்துறை அமைச்சரின் இசைவின்றி அவ்வலுவலருக்கு வேறு பணி கொடுக்கலாகாது. இவ்வலுவலர் பிள்ளைகளை ஆள்முறையில் அறிந்தவராயிருக்கவேண்டும் என்பதே கர்ட்டிஸ் குழுவின் எண்ணம். தொடக்ககால அலுவலர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கவுண்டியின் சேற்றுப் பாதைகளில் சிறு கார்களை ஓட்டிச் சென்று, இன்ன பிள்ளைக்கு இன்ன காலணி வேண்டும் என்பதுவரை அறிந்து பணியாற்றிய தலைமுறை அது. மன்ற உறுப்பினர்களும் முறைவைத்து இல்லங்களைப் பார்வையிட்டனர். 1951ஆம் ஆண்டின் விதிகள் ஒவ்வோர் இல்லத்தையும் மாதம் ஒருமுறையேனும் ஒருவர் பார்வையிட்டு அறிக்கை தரவேண்டும் என்றன. 1601இன் மாதக் கூட்டம் இங்கே மாதப் பார்வையாக மாறிற்று. ஏட்டைப் பார்த்தவர்கள் இப்பொழுது பிள்ளையைப் பார்க்க அனுப்பப்பட்டனர்.

ஆயினும் இச்சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே கிடந்தது. அது திருச்சபைகளின் வாசல். மெதடிஸ்டு குருவானவர் ஸ்டீஃபன்சன் 1869இல் தொடங்கிய தேசியச் சிறுவர் இல்லம், ஞாயிறு பள்ளி ஆசிரியர் எட்வர்டு ருடால்ஃப் 1881இல் தொடங்கிய ஆங்கிலிக்கன் சங்கம், பர்னார்டோவின் இல்லங்கள், கத்தோலிக்க இல்லங்கள் ஆகியவை பல்லாயிரம் பிள்ளைகளைக் காத்தன. அதற்காக நன்றி கூறவேண்டும். ஆனால் போருக்குப்பின்னும் இத்தகைய தன்னார்வ நிறுவனங்கள் பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பின; 1970 வரை இது நடந்தது. பெற்றோர் உயிரோடிருந்தும் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகள் உண்டு. உள்ளாட்சி மன்றம் ஒரு பிள்ளையை அனுப்பவேண்டுமானால் உள்துறை அமைச்சரின் இசைவு வேண்டும். குழந்தைகள் அலுவலர் பலர் அதற்கு உடன்படவும் இல்லை. தன்னார்வ நிறுவனங்களின் செயலை ஒழுங்குபடுத்த விதிகள் இயற்றலாம் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தந்திருந்தும், பிள்ளைகள் அனுப்பப்பட்ட காலமெல்லாம் அவ்விதிகள் இயற்றப்படவே இல்லை. நல்லோர் நடத்தும் இல்லங்களுக்குக் கண்காணிப்பு எதற்கு என்னும் மரியாதையே அப்பிள்ளைகளுக்குத் தீங்காய் முடிந்தது. 2010 பிப்ரவரியில் பிரதமர் கார்டன் பிரவுன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

குழந்தைகள் குழுக்கள் 23 ஆண்டுகளே நிலைத்தன. 1968ஆம் ஆண்டின் சீபோம் அறிக்கை, குடும்பத்தைக் கூறு கூறாகப் பார்க்காமல் முழுமையாய்ப் பார்க்கவேண்டும் என்றது, கருத்து நல்லதே. அதன்படி 1971 ஏப்ரலில் குழந்தைகள், முதியோர், ஊனமுற்றோர் ஆகிய அனைவருக்கும் பொதுவான சமூகப்பணித் துறைகள் மன்றங்களில் அமைந்தன. துறை பெரிதாயிற்று; அதன் இயக்குநர் பெரும்பாலும் ஆண்கள்; பிள்ளையைப் பெயர்சொல்லி அறிந்த அலுவலர் மறைந்தார். இம்மாறுதலையே முழுக் காரணமாக்குவது வரலாற்று நேர்மையாகாது. பழைய ஏற்பாட்டிலும் இருண்ட இல்லங்கள் இருந்தன. ஆனால் 1973 சனவரியில் பிரைட்டன் நகரில் ஏழு வயதுச் சிறுமி மரியா கால்வெல் மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டபோது, ஒரு புதிய உண்மை வெளிப்பட்டது. டென்னிசின் வீட்டுக்கு யாரும் சரியாகச் செல்லவில்லை. மரியாவின் வீட்டுக்கோ பலரும் சென்றிருந்தனர்: சமூகப்பணியாளர், பள்ளி அலுவலர், சிறுவர் பாதுகாப்புச் சங்கத்தார். அக்கம்பக்கத்தாரும் ஆசிரியரும் முறையிட்டுமிருந்தனர். ஒவ்வொருவரும் ஒரு துண்டைக் கண்டனர். அத்துண்டுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை என்று 1974இல் வந்த விசாரணை அறிக்கை காட்டியது.

இதற்கும் அப்பாற்பட்ட ஒன்றை ஸ்டாஃபர்ட்ஷயர் கவுண்டியில் காண்கிறோம். அக்கவுண்டியின் சில இல்லங்களில் 1983 முதல் 1989 வரை, கட்டுக்கடங்காதவர் எனப்பட்ட பிள்ளைகளை ஓர் அறையில் தனியே அடைத்து, உடையும் பேச்சும் பள்ளியும் மறுத்து, நாள் கணக்கில், சிலரை வாரக் கணக்கில் வைக்கும் முறை இருந்தது. குறைந்தது 132 பிள்ளைகள் இதற்கு ஆளாயினர். இது இரகசியமாய் நடக்கவில்லை. இல்லத்தின் நாளேடுகளில் ஒவ்வொன்றும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ஹேன்வே வேண்டிய ஏடு இங்கே இருந்தது. அதனைப் படித்து அதிர்ச்சியுற ஒருவருமில்லை. ஒரு பெண்பிள்ளையின் வழக்கை ஏற்ற வழக்கறிஞரால் 1989இல் இது வெளிவந்தது. 1991இல் அறிக்கை தந்த விசாரணையாளர் இருவருள் ஒருவர் பார்பரா கான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்தவுடன் டட்லி நகரின் குழந்தைகள் அலுவலராகப் பொறுப்பேற்று, பின்னர் இருபதாண்டுக்காலம் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் அப்பணியாற்றியவர் அவரே. விசாரித்த தலைமுறையைச் சேர்ந்தவர் தம் முதுமையில் விசாரணை நடத்த அமர்ந்தார்.

வட வேல்சின் க்ளூயிட் கவுண்டியில் நடந்தது இவை எல்லாவற்றிலும் கொடியது. அங்குள்ள சிறுவர் இல்லங்களில் நடந்த பாலியல் கொடுமைகளைக் குறித்து அம்மன்றமே ஜான் ஜில்லிங்ஸ் தலைமையில் ஓர் ஆய்வை ஏற்பாடு செய்தது. 1996இன் தொடக்கத்தில் அறிக்கை கைக்கு வந்தது. அதனை வெளியிட்டால் இழப்பீட்டு வழக்குகள் பெருகும், காப்பீட்டுப் பாதுகாப்பே கேள்விக்குள்ளாகும் என்று மன்றத்தின் காப்பீட்டு நிறுவனத்தார் எச்சரித்தனர். மன்றம் அறிக்கையை வெளியிடவில்லை, படிகள் அழிக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச் முடிவில் உள்ளாட்சிச் சீரமைப்பினால் அம்மன்றமே இல்லாமற் போயிற்று. தந்தையாய் நின்ற மன்றம் தன் பிள்ளைகளின் முறையீட்டை மறைத்துவிட்டு மறைந்தது. மறுபடியும் பணக்கணக்கே பேசியது. 1601ஆம் ஆண்டின் கண்காணிப்பாளர் இதனைப் புரிந்துகொண்டிருப்பார். மக்களின் வற்புறுத்தலால் அதே ஆண்டில் நீதிபதி ரொனால்டு வாட்டர்ஹவுஸ் தலைமையில் அரசு தீர்ப்பாயம் அமைத்தது. 2000 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கை, 1974 முதல் 1990 வரை அவ்வில்லங்களில் சிறுவர்மீது பரவலான பாலியல் கொடுமை நடந்ததை உறுதிசெய்து, 72 பரிந்துரைகளைத் தந்தது. அவற்றுள் ஒன்றன்படி, 2001இல் வேல்சுக்குக் குழந்தைகள் ஆணையர் நியமிக்கப்பட்டார். ஐக்கிய நாட்டில் அதுவே முதல் நியமனம். ஜில்லிங்சின் அறிக்கை பல இடங்களில் கறுப்பு மையால் மறைக்கப்பட்டு 2013இல்தான் வெளிவந்தது.

இவ்வாண்டுகளில் 'கூட்டுப் பெற்றோர்' என்றொரு சொல் வழக்கிற்கு வந்தது. 1998இல் சுகாதார அமைச்சர் ஃபிராங்க் டாப்சன் மன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி, இப்பிள்ளைகளுக்கு நீங்களே பெற்றோர் என்று நினைவூட்டினார். 2004ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைப் பணிகளுக்கென்று ஓர் இயக்குநரையும் பொறுப்பேற்கும் ஒரு மன்ற உறுப்பினரையும் இங்கிலாந்தின் ஒவ்வொரு மன்றத்திலும் கட்டாயமாக்கியது. 1971இல் கலைத்ததை ஒருவாறு மீண்டும் கட்டியதாகவே இது தோன்றுகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுப் பெற்றோருக்குரிய நெறிகள் ஏழினை வகுத்தது. 'கூட்டு' என்னும் அடைமொழி எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2024 மார்ச்சில் இங்கிலாந்தில் மட்டும் 83,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் மன்றங்களின் பொறுப்பிலிருந்தனர். கூட்டாக இருப்பவர் வாக்களிக்கலாம், வரவு செலவுத் திட்டம் நிறைவேற்றலாம். இரவில் காய்ச்சலாயிருக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஓர் ஆள்தான் போகவேண்டும்.

சிறுவர் இல்லங்களுக்கென இங்கிலாந்தில் 2015இல் வந்த விதிகள், இல்லத்தைச் சேராத ஒருவர் மாதம் ஒருமுறையேனும் அங்குச் செல்லவேண்டும் என்கின்றன, முன்னறிவிப்பின்றியும் செல்லலாம். அவர் ஏடுகளைப் பார்க்கிறார், அறைகளைப் பார்க்கிறார். பிள்ளைகள் இசைந்தால், பணியாளர் எவரும் உடனில்லாமல் அவர்களோடு தனியே அமர்ந்து பேசவும் வேண்டும். ஆராதனை முடிந்தபின் ஆலயத்தில் கூடிய அந்தப் பழைய மாதக் கூட்டத்தில், எந்தப் பிள்ளையையும் உள்ளே அழைத்துக் கேட்குமாறு 1601ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை.